ஈனிட் அத்தை சொன்ன உதாரணம்

என் அத்தை ஈனிட் ஓர் ஆங்கில ஆசிரியை. புணேயில் கேம்ப் பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறார். மாலையில் விமான் நகரில், ஒரு தையற்கடைக்கு மேலே இருக்கும் அறையில் டியூஷன். எங்கள் சர்ச் சபையில் அவரைப் பற்றி இப்போது இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். படித்த திமிர் என்கிறார்கள் சிலர். பாவம், ஏதோ வாய் தவறிவிட்டது என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. நான் அவர் இருக்கும் வீட்டில் வளர்ந்தவன். போன வருடம் வரை அவர் வகுப்பிலும் உட்கார்ந்தவன். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும் இந்த நாட்களில், நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அத்தைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவுக்கு மூத்தவர். லோஹேகாவ் ரோட்டில் எங்கள் வீட்டின் முன்னறை அவருடையது. பக்கத்து விமானப்படைத் தளத்துப் போர் விமானம் கூரைக்கு மேலே போகும்போது மற்றவர்கள் கத்திப் பேசுவார்கள். அத்தை அப்படியே நிறுத்திவிடுவார். சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். பள்ளியில் ஆங்கிலம், ரிக்ஷாக்காரரிடம் இந்தி, மாவ்ஷி என்று நாங்கள் கூப்பிடும் காய்கறிக்காரம்மாவிடம் மராத்தி, வீட்டில் திருநெல்வேலித் தமிழ். திருநெல்வேலிக்கு அவர் போனது என்னவோ கல்யாணங்களுக்கு மட்டும்தான்.

அவர் கதை சொன்னால் சாப்பாட்டை மறந்து கேட்கலாம். யாரைப் பற்றிச் சொல்கிறாரோ அவராகவே மாறிவிடுவார். மாவ்ஷி தராசைத் தூக்கிப் பிடிக்கும் விதம், பள்ளி முதல்வர் மைக்கைத் தட்டிப் பார்க்கும் விதம், எல்லாம் வரும். அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்தத் திறமையால்தான் அவர் நல்ல ஆசிரியை. இந்தக் கதை நடந்ததும் அந்தத் திறமையால்தான்.

போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. டியூஷனில் அன்றைக்குச் சிறுகதைகளில் வரும் ஐரனி, அதாவது முரண்நகை, பற்றிய பாடம். அத்தை அரை மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் விளக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டார்கள். பொருள்தான் யாருக்கும் புரியவில்லை. சுனில் என்று ஒருவன், எதைச் சொன்னாலும் அது எத்தனை மார்க் கேள்வி என்று கேட்பான். அன்றைக்கும் கேட்டான். அத்தை புத்தகத்தை மூடினார். வகுப்பை ஒரு முறை பார்த்தார். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். எங்கள் சபையைச் சேர்ந்த இன்னொரு மாணவனான ஆண்டனி அன்று வரவில்லை. அவனுக்குக் காய்ச்சல்.

அத்தை ஒரு கதை சொல்லத் தொடங்கினார். நாக்பூரில் ஒரு கிளப். வருடத்துக்கு ஒரு முறை அங்கே பெரிய விருந்து. ஒவ்வொரு வருடமும் விருந்தின்போது ஒருவர் எழுந்து நிற்பார். டையைச் சரிசெய்வார். தொண்டையை மூன்று தவணையாகக் கனைப்பார். பிறகு தன் மனைவியும் மகளும் மிக நலமாக இருப்பதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வார். எல்லாரும் சூப்புக் கிண்ணத்தைக் குனிந்து பார்ப்பார்கள். ஏனென்றால் அந்த மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு பல வருடங்களுக்கு முன்பே அவரை விட்டுப் போய்விட்டார். அது கிளப்பில் எல்லாருக்கும் தெரியும்.

அத்தை எழுந்து நின்று அவராகவே ஆனார். இல்லாத டையை இழுத்தார். அந்தக் கனைப்பைக் கனைத்தார். வகுப்பு வெடித்துச் சிரித்தது. சிரிக்காதவர் யாரும் இல்லை. சுனில் தானும் எழுந்து கனைத்துக் காட்டினான்.

அத்தை கையைத் தூக்கி அமைதிப்படுத்திவிட்டுக் கேட்டார்: யாருக்கு அதிகம் தெரியும், பேசுகிறவருக்கா, கேட்கிறவர்களுக்கா? கேட்கிறவர்களுக்கு என்று எல்லாரும் ஒன்றாகச் சொன்னார்கள். அந்த இடைவெளிதான் ஐரனி என்றார். முதல் முறையாகப் பிள்ளைகள் முகத்தில் வெளிச்சம் வந்தது. பிறகு பார்வைக் கோணத்துக்குப் போனார். இந்தக் கதையை இதுவரை கேட்கிறவர்கள் பக்கத்திலிருந்து சொன்னேன், யாருடைய குரல் இதில் வரவே இல்லை என்று கேட்டார். அம்ருதா மெதுவாக, மனைவியின் குரல் என்றாள். அவள் வீட்டிலும் தமிழ்தான். ஆனால் வகுப்பில் ஒரு வார்த்தை தமிழ் பேச மாட்டாள். அத்தைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தார். அந்த விருந்துக்கு மனைவியும் வந்து கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் இடத்திலிருந்து கதையை எழுதிக்கொண்டு வாருங்கள்.

நாக்பூர் கிளப் எது என்று எனக்குக் கனைப்பு வந்தபோதே தெரிந்துவிட்டது. அது எங்கள் சபை. அந்த மனிதர் ஆபிரகாம் அங்கிள்.

எங்கள் சபையில் வருடத்தின் கடைசி ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்வார்கள். வேலை கிடைத்தது, அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, பிள்ளை பாஸானான் என்று ஒவ்வொருவராக எழுந்து நின்று, அந்த வருடம் பெற்ற நன்மைக்காக ஸ்தோத்திரம் சொல்வார்கள். எல்லாரும் சொல்லி முடித்ததும் போதகர் சாட்சிகளில் வந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் சபை முழுவதும் ஆமென் சொல்லும். ஆபிரகாம் அங்கிள் விமான் நகரில் ஒரு பெரிய ஹோட்டலில் விருந்துகளைக் கவனிக்கும் மேலாளர். டை கட்டாமல் அவரை ஞாயிற்றுக்கிழமை பார்க்க முடியாது. அவர் பேச்சில் கொஞ்சம் பகட்டு உண்டு. ஒவ்வொரு வருடமும் எழுந்து, ஆண்டவருடைய மகா பெரிய கிருபையால் என் மனைவி ஹெலினாவும் மகள் டானியாவும் சுகமாய் இருக்கிறார்கள் என்று சொல்வார். ஒரு காலத்தில் அவர் குடித்தார். டானியா பள்ளிக்கூடம் போகும் முன்பே ஹெலினா ஆன்ட்டி அவளைத் தூக்கிக்கொண்டு நாசிக்கில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவர்களை எங்கள் சபையில் யாரும் பார்த்ததில்லை.

பெயர், ஊர், இடம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதால் பாதுகாப்பு என்று அத்தை நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை தமிழில் கேட்டதைச் செவ்வாய்க்கிழமை ஆங்கிலத்தில் சொன்னால் அது வேறு உலகம் என்று நினைத்தார். எங்களைப் போன்றவர்கள் இங்கே எல்லாரும் அப்படித்தான் வாழ்கிறோம். வீடு ஒரு மொழி, வெளி ஒரு மொழி. ஒன்றில் பேசியது மற்றதற்குள் போகாது என்று ஒரு நம்பிக்கை. ஆண்டனி வரவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டுதான் தொடங்கினேன் என்று அத்தை பிற்பாடு என்னிடம் சொன்னார். அவர் மறந்தது ஒன்றைத்தான். வகுப்பு தொடங்கும்போது போனில் பதிவை அழுத்தி மேசையில் கவிழ்த்து வைப்பது அவர் பழக்கம். வராத பிள்ளைகள் கேட்கட்டும் என்று முடிந்தவுடன் வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார். அன்றைக்கும் படியிறங்கிக்கொண்டே போட்டார். அன்று வராதவன் ஒருவன்தான்.

ஆண்டனி படுக்கையில் கிடந்து அதைக் கேட்டிருக்கிறான். அவன் அம்மா பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் கதையைப் பின்தொடர அவருக்கு ஆங்கிலமே வேண்டியிருக்கவில்லை. அந்தக் கனைப்பு போதும்.

வியாழக்கிழமை பாடகர் குழுப் பயிற்சிக்கு அத்தை போனபோது பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அத்தை கவனிக்காமல் பாட்டுத் தாளைப் பிரித்தார். நான் கீபோர்டுக்கு ஒயர் செருகிக்கொண்டிருந்தேன். ஆண்டனியின் அம்மாதான் ஆரம்பித்தார்.

“டீச்சர், என் சமையலைப் பத்தியும் ஒரு கதை சொல்லுங்களேன். ஆண்டனிக்கு இப்பதான் இங்கிலீஷ் புரியுதாம்.”

ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினார். அத்தையின் கையில் இருந்த தாள் கொஞ்சம் தாழ்ந்தது. யார் யார் கேட்டீர்கள் என்று கேட்டார். எல்லாரும் தாளைப் பார்த்தார்கள். ஆபிரகாம் பிரதருக்கு யாராவது அனுப்பினீர்களா என்று கேட்டார்.

“நாங்க யாரும் அனுப்பல,” என்றார் ஆண்டனியின் அம்மா. இப்போது அவர் குரலில் கேலி இல்லை. “அவரே கேட்டு வாங்கிக்கிட்டாரு.”

அன்று அத்தை பாடவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழுவிலிருந்து பதிவை அழித்தார். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். அப்பா, விடு அக்கா, ரெண்டு வாரத்துல மறந்துருவாவ என்று சொல்லிப் பார்த்தார். அத்தை முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அவர் குரலே கேட்டது. ஆங்கிலத்தில், நாக்பூர் கிளப். கனைப்பு. எங்கள் சிரிப்பு. நின்றது. மறுபடி கனைப்பு. மறுபடி சிரிப்பு. சாப்பிடக் கூப்பிட அம்மா கதவருகே போய்விட்டுக் கூப்பிடாமல் திரும்பி வந்தார்.

மறுநாள் சாயங்காலம் ஸ்கூட்டரில் தன்னை ஆபிரகாம் அங்கிள் வீட்டுக்குக் கூட்டிப்போகும்படி அத்தை என்னிடம் சொன்னார். மூன்றாவது மாடியில் சின்ன ஃபிளாட். அங்கிள் கதவைத் திறந்தார். வீட்டிலும் மடிப்புக் கலையாத சட்டை. எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொல்லி, தானே டீ போட்டு, ஹோட்டலில் வைப்பதுபோல் தட்டின் மேல் காகிதம் விரித்துக் கொண்டுவந்து வைத்தார்.

அத்தை வழியெல்லாம் தயார் செய்ததைச் சொல்லத் தொடங்கினார். பாதியிலேயே அங்கிள் கையசைத்து நிறுத்தினார்.

“பாடம் நல்லாயிருந்துச்சு டீச்சர். ஒரே ஒரு தப்பு. எல்லாருக்கும் தெரியுங்கறது அந்த ஆளுக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டீங்க.”

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “தெரிஞ்சேதான் நின்னீயளா?”

“பின்ன? இத்தனை வருஷமா முன்னூறு பேர் தலையைக் குனியறாங்க, அது கூடவா எனக்குத் தெரியாது?” அவர் சிரிக்க முயன்றார். “அவங்க நல்லாயிருக்காங்கன்னு நான் சொன்னது பொய் இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை மச்சானுக்கு மெசேஜ் போடுவேன். ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்கன்னு ஒரு வரி வரும். அது வந்தப்புறம்தான் எந்திரிப்பேன். அவங்க திரும்பி வரணும், ஜெபம் பண்ணுங்கன்னு கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? ஆனா ஸ்தோத்திரம் சொல்லலாம் இல்லையா. சொன்னா பாஸ்டர் அவங்க பேரையும் சேத்துக்குவாரு. மொத்த சபையும் ஆமென் சொல்லும். அதுக்காகத்தான்.”

கேட்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று வகுப்பில் நாங்கள் ஒன்றாகக் கத்தியது எனக்கு நினைவு வந்தது. நான் டீயைக் குடித்துக்கொண்டே தரையைப் பார்த்தேன். அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அத்தை, ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் சபை முன்னால் எழுந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். அங்கிள் உடனே மறுத்தார்.

“வேண்டாம் டீச்சர். நீங்க எந்திரிச்சா அது உங்க சாட்சி ஆயிடும். நான் மறுபடி உங்க கதையில வந்துருவேன். தயவுசெஞ்சு பேசாம உக்காந்திருங்க.”

அத்தை சரி என்று தலையாட்டினார். அதோடு கிளம்பியிருக்கலாம். அங்கிள்தான் கேட்டார், அந்தப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் என்ன எழுதினார்கள் என்று. சும்மா, பேச்சை மாற்றுவதற்குக் கேட்பதுபோல்தான் கேட்டார். அத்தை அப்போது வரை அம்ருதா எழுதியதை மட்டும்தான் படித்திருந்தார். அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சொல்லத் தொடங்கியதும் அவர் குரல் மாறிவிட்டது. வகுப்புக் குரல் வந்துவிட்டது.

“அந்தப் பொம்பள கடைசி மேசையில உக்காந்திருக்கா. இவரு எந்திரிச்சு, என் மனைவி நலமா இருக்கான்னு சொல்லுதாரு. உடனே எல்லாரும் திரும்பி அவளைப் பாக்காவ. வேற வழியில்லாம அவ சிரிக்கா. இவரு நல்லாயிருக்கான்னு சொல்லிட்டதால, அவ நல்லாயிருக்கவ மாதிரி உக்கார வேண்டியதாப் போச்சு. பதினாறு வயசுப் பிள்ளை எழுதியிருக்கு, பிரதர்—”

அங்கேயே நின்றுவிட்டார். அங்கிள் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. கோபம் இல்லை. ஏதோ ஒன்றை அவசரமாகக் கணக்குப் போடுகிறவர் முகம் போல இருந்தது. அவர் எழுந்து, காலியான கோப்பைகளைத் தட்டில் அடுக்கினார். என்னுடையதில் இன்னும் டீ இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டார்.

“இத்தனை வருஷத்துல அவகிட்ட நான் கேக்கவே இல்லையே,” என்று சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். “உன் பேரைச் சொல்லலாமான்னு.”

கீழே வந்து ஸ்கூட்டரில் ஏறும் முன் அத்தை நின்றார். மன்னிப்புக் கேக்கப் போயிட்டு மறுபடியும் பாடம் நடத்திட்டு வந்திருக்கேன்லே என்றார். நான் ஹெல்மெட்டைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை டியூஷனில் அத்தை போனை மேசையில் வைக்கவில்லை. பைக்குள் போட்டுவிட்டுப் பேசினார். போன முறை சொன்ன உதாரணம் தவறு என்றார். அது கதை இல்லை, இருக்கிற ஒரு மனிதரைப் பற்றியது. அவருக்குத் தெரியாதது என்று நான் நினைத்தது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது எனக்குத்தான். ஆண்டனி காய்ச்சல் தேறி வந்திருந்தான். பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். சுனில் கையைத் தூக்கினான். அப்படியென்றால் பரீட்சையில் எதை எழுதுவது என்று உண்மையான கவலையோடு கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. விளக்கத்தை எழுது, உதாரணத்தைப் பாடப்புத்தகத்திலிருந்து எடு என்றார் அத்தை. அவன் அதையும் குறித்துக்கொண்டான்.

அடுத்து வந்தது வருடத்தின் கடைசி ஞாயிறு. சபை நிறைந்திருந்தது. சாட்சி நேரம் தொடங்கியது. சாகணில் ஒரு தொழிற்சாலையில் வேலை நிரந்தரமான ஒருவர், கண் அறுவை முடிந்த ஒரு பாட்டி, விசா கிடைத்த ஒரு பெண். ஆபிரகாம் அங்கிள் வழக்கமான இடத்தில், வழக்கமான டையோடு உட்கார்ந்திருந்தார். அத்தை எனக்கு இரண்டு வரிசை முன்னால் பாடகர் குழுவில் இருந்தார். சபை முழுவதும் அங்கிளைப் பார்க்காமல் அங்கிளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தது. தலையைக் குனிவதற்குக் கூட எல்லாரும் தயாராக இருந்தார்கள்.

போதகர் வழக்கம்போல, இன்னும் யாராவது உண்டா என்று கேட்டார். அவர் கண்ணும் அந்தப் பக்கமே போனது. அங்கிள் அசையவில்லை. போதகர் தேவைக்கு மேல் காத்திருந்தார். அத்தையின் கை முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தது. எழுந்துவிடுவார் என்று பயந்தேன். எழுந்தால் அவருக்கு எவ்வளவு இலகுவாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பேசத் தெரிந்தவர், அழகாகப் பேசியிருப்பார், பாதிப் பேர் அழுதிருப்பார்கள். அவர் எழவில்லை. கை மட்டும் அந்த விளிம்பில் இருந்தது.

போதகர் ஜெபித்தார். பெயர் பெயராகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொன்னோம். ஹெலினா, டானியா என்ற பெயர்கள் வரவில்லை. அவை இல்லாமல் அந்த ஜெபத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

வெளியே வந்தபோது இரண்டு பேர் அத்தையைப் பார்க்காததுபோல் போனார்கள். ஒருவர் தேவைக்கு அதிகமாக அன்பாகப் பேசினார். ஆபிரகாம் அங்கிள் எல்லாருக்கும் போல அவருக்கும் கைகுலுக்கி, புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மத்தியானம் வீட்டில் அத்தை தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எழுந்துபோன பிறகு என்னைக் கேட்டார்.

“லே பெனி, அவரு எதுக்கு எந்திரிக்கல?”

நான் யோசித்தேன். வெட்கத்தால் இருக்கலாம். எல்லாரும் பதிவைக் கேட்டுவிட்டார்கள் அல்லவா. இல்லையென்றால் அம்ருதா எழுதியது காரணமாக இருக்கலாம். ஹெலினா ஆன்ட்டியிடம் கேட்காமல் இனி அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருக்கலாம். தெரியவில்லை அத்தை என்றேன்.

“எனக்கும் தெரியல,” என்றார். “எம் பாடத்தாலன்னு நெனச்சா மனசுக்கு நல்லாயிருக்கு. காலையில இருந்து அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்கேன். அதான் அசிங்கமா இருக்கு.”

தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் எழுதிய வீட்டுப்பாடங்கள் அவர் மேசையில் ஜனவரி வரை கிடந்தன. கடைசியில் மார்க் போடாமல் திருப்பிக் கொடுத்தார். ஏன் என்று சுனில் கேட்டதற்கு, அந்தக் கேள்வியை உங்களிடம் நான் கேட்டிருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்.